வியாழன், ஆறேகால்

எங்கள் ஊரில் மேடு என்றால் கல்லறைத் தோட்டம்தான்.
லிங்கன்ஷயரின் தாழ்நிலம்;
கடலிடம் பிடுங்கியது, கடலுக்குக் கீழே கிடப்பது.
தபால்காரர் தொலைவில் புள்ளியாகத் தெரிந்ததும்
அம்மா கெட்டிலை ஏற்றுவாள்,
அவர் வந்து சேர்வதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நவம்பர் வந்தால்
சர்க்கரை பீட் லாரிகள் சாலையெல்லாம் சேறு துப்பும்.
ஆலையின் நாற்றம் தலைமுடிக்குள்
ஞாயிறு தேவாலயம் வரை கூட வரும்.
ஊருக்கு ஒரு கடை, ஒரு பேருந்து,
நாற்சந்தியில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு.

வியாழன்தோறும் ஆறேகாலுக்கு
கத்பர்ட் ஸ்கிப்வொர்த் அதன் வெளியே நிற்பார்.
சவரம் செய்த முகம், பட்டனைக் கழுத்துவரை போட்ட சட்டை,
காலில் மட்டும் மாட்டுத்தொழுவ பூட்ஸ்.
மணி அடிக்கும்.
உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்.
கண்ணாடியில் மூச்சு படியப் படிய
அவர் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.
யாரிடம் பேசுகிறார் என்று ஊருக்கே தெரியாது;
தெரியாததால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒன்பது வயது.
கூண்டில் எனக்கு வேறு வேலை:
நாணயம் திரும்பி விழும் குழிக்குள்
விரலை விட்டுத் துழாவுவது.
அன்று சிக்கியது, இரண்டு பென்ஸ்.
வெளியே பனியும் மழையும் கலந்து அடித்தது.
டௌஸ் பண்ணையின் எருது வாய்க்காலில் விழுந்துவிட்டதாம்,
கயிறும் டிராக்டருமாக ஆண்கள் எல்லாரும் அங்கே.

மணி அடித்தது.

நான் எடுத்திருக்கக் கூடாது.
ஆனால் அவ்வளவு பக்கத்தில் அடித்தால்
யார்தான் எடுக்காமல் இருப்பார்கள்?
"கத்பர்ட்?"
இல்லை என்றேன். என் பெயரைச் சொல்லவில்லை.
பெண்குரல். மூக்கடைப்பு. பின்னால் பேருந்துச் சத்தம்.
அவரிடம் சொல்லிவிடு, கண்ணே, என்றாள்,
சனிக்கிழமை, ஸ்லீஃபோர்ட் ஸ்டேஷன், பதினொன்றரை,
இந்த முறை பெட்டியோடு வருகிறேன்.
திருப்பிச் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன், பாடம் ஒப்பிப்பதுபோல்,
பெட்டியோடு உட்பட.

அவர் ஓடி வந்தார்.
தொடைவரை சேறு, ஒரு கையில் அறுந்த கயிறு இன்னும்.
"அடித்ததா?"
என் உள்ளங்கையில் நாணயம் சுட்டது.
அது அவருடையதாக இருக்கலாம்,
திருடி என்று அப்பாவிடம் போகலாம்,
கூண்டில் விளையாடாதே என்று
இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன்.
இதெல்லாம் பிறகு நான் கண்டுபிடித்த காரணங்கள்.
அந்த நொடியில்
'இல்லை' எளிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் வந்து நின்றார்.
அதற்கடுத்ததும்.
ஏப்ரலில் பகல் நீண்டுவிட்டதால்
அவர் நிற்பது ஊருக்கே நன்றாகத் தெரிந்தது.
என் தம்பி நெவில் அவரைப்போல் நடந்து காட்டுவான்.
எல்லாரும் சிரிப்போம். நானும்.

பெரிய துயரம் ஒன்றும் நடந்துவிடவில்லை.
ஸ்கிப்வொர்த் நாற்பதில் கல்யாணம் செய்துகொண்டார்,
கால்நடை மருத்துவரிடம் கணக்கு எழுதியவள்,
உரக்கச் சிரிப்பாள். இரண்டு பையன்கள்.
தபால் நிலைய வரிசையில் ஒருமுறை
எனக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றார்.
சொல்ல வாயெடுத்தேன்.
தபால்தலை எவ்வளவு என்று கேட்டேன்.

கூண்டில் இப்போது
இதயம் நின்றவர்களுக்கான கருவி வைத்திருக்கிறார்கள்.
மஞ்சள் பெட்டி. கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.
பச்சைக் கோட்டு நானாகப் போட்டுவிட்டது.
ஸ்லீஃபோர்ட் வழியாக ரயிலில் போகும்போதெல்லாம்
எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு பென்ஸுக்கு அதிமதுர மிட்டாய் வாங்கினேன்.
நன்றாகவே இருந்தது.

ஒன்று விட்டுவிட்டேன்.
நான் ஒப்பித்து முடித்ததும்
"நல்ல பிள்ளை" என்றாள் அவள்.
பிறகு அவள் பக்கத்தில் காசு தீர்ந்து
பீப், பீப், பீப்.